ஓர் எழுத்து மாறினால்…

தோழியரே, வீட்டு மூலப் பத்திரத்தைப் பெட்டியில் பூட்டி வைத்துவிட்டு, நகலைத்தான் வெளியே கொண்டு செல்வோம் அன்றோ? உயிரணுவும் அவ்வாறே செய்கிறது. உட்கருவிலுள்ள டி.என்.ஏ. அங்கேயே இருக்கும். வேண்டிய பகுதி மட்டும் தூது ஆர்.என்.ஏ.யாக நகலெடுக்கப்பட்டு, ரைபோசோம் என்னும் பட்டறைக்குச் செல்லும். அங்கு அது மும்மூன்று எழுத்துகளாகப் படிக்கப்படும். ஒவ்வொரு மூன்றெழுத்துக்கும் உரிய அமினோ அமிலத்தை இடமாற்று ஆர்.என்.ஏ. சுமந்து வர, அவை பூச்சரம்போல் தொடுக்கப்பட்டுப் புரதமாகின்றன. (இவ்வெழுத்துகளைப் படித்தறிந்ததற்காக 1968-ல் நோபல் பரிசு பெற்ற மூவருள் பஞ்சாபில் பிறந்த ஹர் கோவிந்த் கொரானாவும் ஒருவர்.)

ஓர் எழுத்து பிசகினால் என்ன ஆகும்? நம் இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினின் பீட்டாச் சங்கிலியில் 146 அமினோ அமிலங்கள் உண்டு. ஆறாவது, குளுட்டாமிக் அமிலம். அதற்குரிய எழுத்துகள் குவானின், அடினின், குவானின். டி.என்.ஏ.யில் நேர்ந்த மாற்றத்தால் நகலின் நடு எழுத்து யுராசில் ஆகிவிட்டால், அவ்விடத்தில் வாலின் வந்து அமரும். 1957-ல் இதைக் கண்டவர் வெர்னன் இங்கிராம். மற்ற 145-ம் சரியே! ஆயினும் பிராணவாயு குறைந்ததும் இந்த ஹீமோகுளோபின் ஒன்றோடொன்று ஒட்டி இழைகளாக நீள, வட்டமான சிவப்பணு கதிர் அரிவாள்போல் வளைந்து, நுண்ணிய இரத்தக் குழாய்களை அடைக்கிறது. குழந்தைகள் எலும்பு வலியால் துடிக்கிறார்கள்.

தாய், தந்தை இருவரிடமிருந்தும் இப்பிழை வந்தால்தான் இந்நோய். ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவர் பெரும்பாலும் நலமாகவே இருப்பார். கொடிய மலேரியாகூட அவரை அவ்வளவாகத் தாக்குவதில்லை. நீலகிரிப் பழங்குடியினரிடையே இது 1952-லேயே அறியப்பட்டது. மணமக்கள் இருவரும் அத்தகையவராயின், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. இரத்தப் பரிசோதனையில் முன்னரே தெரிந்துவிடும்.