உறங்கும் மின்சாரம்

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து ஹீத்கிட் நிறுவனத்தார் 1950களில் உதிரிப்பாகங்களாக விற்ற டிஎக்ஸ்-100 என்னும் வால்வு ஒலிபரப்புக் கருவியை அமெச்சூர் வானொலி ஆர்வலர் இன்றும் புதுப்பித்து வருகின்றனர். நெடுங்காலம் உறங்கிய கருவிக்கு ஒரேயடியாக மின்சாரம் ஊட்டலாகாது. ஏனெனில், அதன் மின்பகு கொள்ளளவிகளிற் காப்பாக அமைந்த ஒட்சைட்டுப் படலம் நலிந்திருக்கும். முழு அழுத்தமும் பாய்ந்தால் அவை சூடேறி வெடித்தலுங் கூடும். பழுதானவற்றை மாற்றி, ஏனையவற்றுக்கு அழுத்தத்தைச் சிறுகச் சிறுக உயர்த்துதல் வேண்டும்.

அதனினும் பெரிய ஆபத்து, ஆளியை அணைத்த பின்னரும் காத்திருக்கிறது. கொள்ளளவிகள் நூற்றுக்கணக்கான வோல்ற்று மின்னைத் தம்முள் இருத்தி வைத்திருக்கும். அதனை வடித்துவிடும் தடை எரிந்துபோயிருப்பின், வெளிப்பார்வைக்குப் புலப்படாது. ஆகவே, செருகியைக் கழற்றி, சற்றுப் பொறுத்து, தடையொன்றினூடாகப் புவியுடன் தொடுத்த காவற்கோலால் மின்னிறக்கி, மானியால் அளந்த பின்னரே கைவைத்தல் தகும். அணைந்த விளக்குச் சுடுவதில்லை. அணைந்த கருவியோ உயிரையும் பறிக்கும்.