அப்பம் சாப்பிட்ட இரவு... ஆட்டம் கண்ட அதிபர் நாற்காலி!

2014 நவம்பர் 20. இலங்கையில் அதிபர் தேர்தல் வரப்போகிறது என்று அறிவிப்பு வெளியான நாள். அன்று இரவு அதிபர் மகிந்த ராஜபக்சேவோடு உட்கார்ந்து அப்பம் சாப்பிட்டார் சுகாதார அமைச்சர் மைத்திரிபால சிறிசேனா. நம்மூர் ஆப்பம்தான், அங்கே அதற்குப் பெயர் அப்பம். நடுவில் முட்டை உடைத்து ஊற்றி, கட்டச்சம்பலோடு சாப்பிட்டால் அதன் ருசியே தனி. சிறிசேனா வெறும் அமைச்சர் மட்டுமல்ல. அதிபரின் சொந்தக் கட்சியான இலங்கை சுதந்திரக் கட்சிக்குப் பல வருடங்களாகப் பொதுச்செயலாளர்.

மறுநாள் அவர் பத்திரிகையாளர்களை அழைத்தார். "எதிர்க்கட்சிகளின் பொது வேட்பாளர் நான்தான்" என்றார்.

'நேற்று ராத்திரிகூட என்னோடு அப்பம் சாப்பிட்டாரே' என்று மகிந்த பிரசாரக் கூட்டங்களில் சொல்லிச் சொல்லி ஆற்றாமைப்பட்டார். அதுவே நாடு முழுக்க நகைச்சுவையாகிப்போனது. கூட இருந்தே குழி பறிப்பதற்கு 'அப்பம் சாப்பிடுவது' என்று இலங்கையில் புதிதாக ஒரு பெயரே வந்துவிட்டது. ஆனால், குழி அந்த ஒரே இரவில் வெட்டப்பட்டதா என்ன?

2009 மே மாதம் போர் முடிந்தபோது, சிங்கள மக்களின் பார்வையில் மகிந்த ஒரு மன்னர். அடுத்த ஜனவரியில் நடந்த தேர்தலில், அதே போரை நடத்திய ராணுவத் தளபதி சரத் பொன்சேகாவே எதிர்த்து நின்றும் ஒன்றும் ஆகவில்லை. மகிந்தவுக்குக் கிட்டத்தட்ட 58 சதவிகிதம் வாக்குகள், பொன்சேகாவுக்கு 40. தோற்ற தளபதி சில நாள்களிலேயே கைது செய்யப்பட்டுச் சிறைக்குப் போனார். எதிர்த்தால் என்ன நடக்கும் என்பதை ஊருக்கே காட்டிய கைது அது.

அதே ஆண்டு செப்டம்பரில் 18-வது சட்டத்திருத்தம் வந்தது. ஒருவர் இரண்டு முறைதான் அதிபராக இருக்கலாம் என்ற வரம்பு போனது. தேர்தல், காவல்துறை, நீதித்துறை நியமனங்களில் அதிபருக்கு இருந்த கடிவாளமும் போனது. நாடாளுமன்றத்தில் ஆதரவாக 161 பேர். எதிர்த்தவர்கள் வெறும் 17 பேர். ஒரு தம்பி கோத்தபய பாதுகாப்புச் செயலாளர். இன்னொரு தம்பி பசில் பொருளாதார மேம்பாட்டு அமைச்சர். அண்ணன் சமல் சபாநாயகர். மகன் நாமல் எம்.பி. பொங்கலுக்குக் குடும்பம் ஒன்றுகூடினால் அமைச்சரவைக் கூட்டத்துக்குக் கோரம் சேர்ந்துவிடும் என்ற நிலை!

2013 ஜனவரியில் தலைமை நீதிபதி ஷிராணி பண்டாரநாயக்க பதவி நீக்கம் செய்யப்பட்டார். இலங்கையின் முதல் பெண் தலைமை நீதிபதி அவர். பசிலின் துறைக்குக் கூடுதல் அதிகாரம் தரும் மசோதாவுக்கு நீதிமன்றம் முட்டுக்கட்டை போட்டதற்குப் பிறகு நடந்தது இது. வழக்கறிஞர்கள் தெருவில் இறங்கினார்கள். கிராமத்து வாக்காளர் இதையெல்லாம் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்றுதான் ஆளுங்கட்சி நினைத்தது. ஓரளவு உண்மையும்கூட. கிராமத்து வாக்காளரைச் சுட்டது விலைவாசி. சொந்த மாவட்டமான அம்பாந்தோட்டையில் சீனக் கடனில் துறைமுகம் வந்தது. பக்கத்திலேயே மத்தள என்ற இடத்தில் சர்வதேச விமான நிலையமும் வந்தது. விமானங்கள்தான் வரவில்லை.

முதல் அபாய மணி ஊவா மாகாணத்தில் அடித்தது. பதுளை, மொனராகலை மாவட்டங்கள் சேர்ந்த பகுதி. தேயிலைத் தோட்டங்களும் விவசாயக் கிராமங்களும் நிறைந்த ஊர். 2009 மாகாண சபைத் தேர்தலில் மகிந்தவின் கூட்டணி அங்கே 72 சதவிகிதம் வாக்குகளை அள்ளியது. 2014 செப்டம்பரில் அது 51 சதவிகிதமாகச் சரிந்தது. ஜெயித்தது என்னவோ ஆளுங்கட்சிதான். ஆனால், ஐந்து ஆண்டுகளில் 21 சதவிகிதத்தைத் தொலைத்த வெற்றியை எந்த அரசியல்வாதி கொண்டாடுவார்?

மகிந்தவின் பதவிக்காலம் முடிய இன்னும் இரண்டு ஆண்டுகள் இருந்தன. காத்திருந்தால் இன்னும் சரியும் என்ற கணக்கில், இப்போதே தேர்தலை நடத்திவிடலாம் என்று முடிவெடுத்தார். நான்கு ஆண்டுகள் முடிந்தால் அதிபர் தேர்தலை அறிவிக்கலாம் என்பது சட்டம். அந்த நான்கு ஆண்டுகள் நவம்பர் 19-ம் தேதி முடிந்தன, மறுநாளே அறிவிப்பு. அவருடைய ஆஸ்தான ஜோதிடர் சுமனதாச அபேகுணவர்தன, வெற்றி நிச்சயம் என்று பகிரங்கமாகவே சொல்லிக்கொண்டிருந்தார். ஜோதிடரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. எதிர்முகாமில் ரணில் விக்கிரமசிங்கே நிற்பார், அவரை ஏற்கெனவே 2005-ல் தோற்கடித்தாயிற்று, மறுபடி தோற்கடிக்கலாம் என்பதுதான் அவருடைய அரசியல் கணக்கும். ரணில் ஒதுங்கிக்கொண்டு இன்னொருவருக்கு வழிவிடுவார் என்பதும், அந்த இன்னொருவர் தன் சாப்பாட்டு மேஜையிலேயே உட்கார்ந்திருப்பார் என்பதும் அந்தக் கணக்கில் இல்லை.

சிறிசேனா பொலன்னறுவையைச் சேர்ந்தவர், விவசாயக் குடும்பம். ஆங்கிலம் பேசும் கொழும்பு மேட்டுக்குடி அல்ல. 'ரணில் மேற்கத்திய ஆள்' என்று கிராமங்களில் சொல்லி ஜெயித்த உத்தி இவரிடம் எடுபடாது. அவரை அழைத்துவந்ததில் முன்னாள் அதிபர் சந்திரிகாவுக்குப் பெரும்பங்கு உண்டு. பௌத்த பிக்குவான மாதுளுவாவே சோபித தேரர், அதிபருக்கு அளவற்ற அதிகாரம் கூடாது என்று ஏற்கெனவே ஊர் ஊராகப் பேசிக்கொண்டிருந்தார். சிங்களத் தேசியவாதக் கட்சியான ஜாதிக ஹெல உறுமயவும் அரசிலிருந்து விலகியது. மகிந்தவுக்கு இது இடுப்பில் விழுந்த அடி. அதன்பிறகு வாரத்துக்கு ஓரிருவராக அமைச்சர்களும் எம்.பி-க்களும் கிளம்பிப் போய்க்கொண்டே இருந்தார்கள். பதிலுக்கு ரணில் கட்சியின் பொதுச்செயலாளர் திஸ்ஸ அத்தநாயக்கவை மகிந்த இழுத்துவந்து, சிறிசேனா விட்டுச்சென்ற அதே சுகாதாரத் துறையைக் கொடுத்தார். பொதுச்செயலாளருக்குப் பொதுச்செயலாளர், பண்டமாற்று!

முஸ்லிம்களின் கோபம் வேறு. 2014 ஜூனில் அளுத்கமவில் பொதுபல சேனா என்ற தீவிர பௌத்த அமைப்பு நடத்திய கூட்டத்தைத் தொடர்ந்து வன்முறை வெடித்தது. உயிர்கள் போயின, வீடுகளும் கடைகளும் எரிந்தன. அரசு கைகட்டி நின்றது என்ற வேதனை அந்த மக்களிடம் ஆறவில்லை. டிசம்பர் கடைசியில் ரிஷாட் பதியுதீன் கட்சி விலகியது, சில நாள்களில் ரவூப் ஹக்கீமின் முஸ்லிம் காங்கிரஸும் விலகியது. தலைவர்கள் முடிவெடுக்கும் முன்பே மக்கள் முடிவெடுத்துவிட்டார்கள் என்று அப்போது பேசிக்கொண்டார்கள்.

சரி, தமிழர்கள்?

இங்கேதான் கதை கனமாகிறது. 2005 தேர்தலைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். அன்று புலிகளின் அழைப்பை ஏற்று வடக்கில் தேர்தலைப் புறக்கணித்தார்கள். யாழ்ப்பாண மாவட்டத்தில் பதிவான வாக்குகள் 2 சதவிகிதம்கூட இல்லை. மகிந்த ரணிலைவிட சுமார் 1,80,000 வாக்குகள் மட்டுமே கூடுதலாகப் பெற்று அதிபரானார். தமிழர்கள் போடாத வாக்கு அவரை நாற்காலியில் ஏற்றியது. அதன்பின் வன்னியில் நடந்ததை இங்கே திரும்பச் சொல்லத் தேவையில்லை.

ஒன்பது ஆண்டுகள் கழித்து அதே கேள்வி திரும்பவும் வாசலில் வந்து நின்றது. போடுவதா, வேண்டாமா? சிறிசேனா ஒன்றும் தமிழர்களுக்கு நண்பர் இல்லை. போரின் கடைசி நாள்களில் மகிந்த வெளிநாட்டில் இருந்தபோது பாதுகாப்புத் துறைப் பொறுப்பையும் பார்த்தவர். ராணுவத்தை வடக்கிலிருந்து விலக்குவேன் என்றோ, கூட்டாட்சி தருவேன் என்றோ அவர் வாக்குக் கொடுக்கவில்லை. கொடுத்தால் சிங்கள வாக்குகள் போய்விடும். காணாமல்போன பிள்ளையின் போட்டோவைக் கையில் வைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்காக அலையும் ஒரு தாயிடம் போய் 'இவருக்கு ஓட்டுப் போடம்மா' என்று எந்த முகத்தோடு கேட்பது? கஜேந்திரகுமார் பொன்னம்பலத்தின் கட்சி, புறக்கணிப்போம் என்றது. தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு நீண்ட யோசனைக்குப் பிறகு, டிசம்பர் 30-ம் தேதிதான் சிறிசேனாவை ஆதரிப்பதாக அறிவித்தது. முன்பே அறிவித்திருந்தால், 'புலிகளோடு கூட்டு' என்று தெற்கில் போஸ்டர் ஒட்டியிருப்பார்கள். தாமதமும் ஓர் உத்திதான்.

மகிந்தவும் வடக்கை விட்டுவிடவில்லை. 24 ஆண்டுகளாக யாழ்ப்பாணத்துக்கு ஓடாமல் இருந்த யாழ்தேவி ரயிலை 2014 அக்டோபரில் அவரே தொடங்கிவைத்து, பளையிலிருந்து யாழ்ப்பாணம் வரை பயணமும் செய்தார். சாலைகள் போட்டார், மின்சாரம் கொடுத்தார். பிரசாரத்துக்கு வடக்கே வந்தபோது, முன்பின் தெரியாத தேவதையைவிடத் தெரிந்த பேயே மேல், அந்தத் தெரிந்த பேய் நான்தான், எனக்கே ஓட்டுப் போடுங்கள் என்று பேசினார். உலகத்தில் எந்த அதிபரும் தன்னைப் பேய் என்று சொல்லி வாக்குக் கேட்டதாகத் தெரியவில்லை. நல்ல பேச்சாளர், நகைச்சுவை உணர்வு உள்ளவர்தான். ஆனால், கேட்டுக்கொண்டிருந்த மக்களுக்கு அது நகைச்சுவையாக இருந்திருக்குமா?

மலையகத்தில் இன்னொரு கதை. தோட்டத் தொழிலாளர்களின் பெரிய சங்கமான தொண்டமானின் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ், மகிந்த பக்கமே நின்றது. ஆனால், அக்டோபர் கடைசியில் கொஸ்லந்தை அருகே மீரியபெத்தவில் மலை சரிந்து தோட்டக் குடும்பங்களின் லயன் வீடுகளை மூடியிருந்தது. ஆங்கிலேயர் காலத்து லயன்களில் இன்னும் எத்தனை காலம் என்ற கேள்வியோடுதான் அந்த மக்கள் வாக்குச்சாவடிக்குப் போனார்கள். நுவரெலியா மாவட்டத்தில் சிறிசேனாவுக்கு 63 சதவிகிதத்துக்கு மேல் விழுந்தது.

கடைசி நாள்களில் பாலிவுட் நடிகர் சல்மான் கானைக்கூடப் பிரசாரத்துக்கு வரவழைத்தார்கள். அரசுத் தொலைக்காட்சி முழுக்க அதிபர் முகம். ஊர் முழுக்க அதிபர் கட்அவுட். இவ்வளவும் தோல்வி பயத்தின் அடையாளம் என்று எதிர்க்கட்சிகள் கேலி செய்தன. பயம் அந்தப் பக்கமும் இருந்தது. தேர்தல் இரவைத் தன் குடும்பத்தோடு ஒரு தென்னந்தோப்பில் ஒளிந்திருந்து கழித்ததாகவும், தோற்றிருந்தால் ஆறடிக் குழிக்குள் போயிருப்பேன் என்றும் சிறிசேனாவே பிற்பாடு சொன்னார். பொன்சேகாவுக்கு நடந்ததைப் பக்கத்திலிருந்து பார்த்தவர் ஆயிற்றே!

2015 ஜனவரி 8, வியாழக்கிழமை. வெற்றிலைச் சின்னத்தில் மகிந்த, அன்னம் சின்னத்தில் சிறிசேனா. 81 சதவிகிதத்துக்கு மேல் வாக்குப்பதிவு. மறுநாள் விடியும் முன்பே விஷயம் தெரிந்துவிட்டது. முழு முடிவு வரும்வரைகூடக் காத்திராமல் மகிந்த அலரி மாளிகையைக் காலி செய்துகொண்டு புறப்பட்டார். சிறிசேனாவுக்கு 51.28 சதவிகிதம், மகிந்தவுக்கு 47.58. வித்தியாசம் சுமார் 4,49,000 வாக்குகள். பதவியில் இருந்தபடி மறுபடியும் போட்டியிட்டுத் தோற்ற முதல் இலங்கை அதிபர் அவர்தான்.

இப்போது ஒரு சின்னக் கூட்டல். யாழ்ப்பாண மாவட்டத்தில் சிறிசேனாவின் முன்னிலை ஏறக்குறைய 1,79,000. வன்னியில் 1,07,000. மட்டக்களப்பில் 1,68,000. மூன்றையும் கூட்டினால் நாடு முழுவதற்குமான வித்தியாசம் அங்கேயே வந்துவிடுகிறது. தெற்கில் பலர் இதைக் காட்டி, தமிழர்களும் முஸ்லிம்களும் சேர்ந்து எங்கள் தலைவரைத் தோற்கடித்தார்கள் என்று கொதித்தார்கள். கணக்கு சரி, பாதிக் கணக்கு. கொழும்புக்குப் பக்கத்தில் சிங்களவர் நிறைந்த கம்பஹாவில், 2010-ல் 61 சதவிகிதத்துக்கு மேல் வாங்கிய மகிந்த, இந்த முறை 50-ஐத் தொடவில்லை. பொலன்னறுவையில் 64-லிருந்து 41-க்கு இறங்கினார். அங்கெல்லாம் பழைய செல்வாக்கு இருந்திருந்தால், வடக்கும் கிழக்கும் மொத்தமாக எதிர்த்திருந்தாலும் அவர் ஜெயித்திருப்பார். 2010-ல் அப்படித்தானே ஜெயித்தார்?

ஜனவரி 9 மாலை, கொழும்பு சுதந்திரச் சதுக்கத்தில் சிறிசேனா பதவியேற்றார். மகிந்த நியமித்த தலைமை நீதிபதியைத் தவிர்த்துவிட்டு, உச்ச நீதிமன்ற நீதிபதி கே.ஸ்ரீபவன் முன்னிலையில் உறுதிமொழி எடுத்தார். ஸ்ரீபவன் தமிழர், அந்த மாதக் கடைசியில் அவரே தலைமை நீதிபதியும் ஆனார். ஏப்ரலில் 19-வது சட்டத்திருத்தம் வந்து, இரண்டு முறைதான் அதிபர் என்ற வரம்பைத் திரும்பக் கொண்டுவந்தது. வடக்கில் கொஞ்சம் நிலம் திரும்பக் கிடைத்தது. பேசுவதற்குக் கொஞ்சம் பயம் விலகியது. காணாமல்போனவர்களின் தாய்மார்கள் 2017-ல் கிளிநொச்சியில் தெருவோரப் பந்தலில் உட்கார்ந்தார்கள். பதில் வரவில்லை.

அப்பம் சாப்பிட்டுப் பிரிந்த இருவரும் என்ன ஆனார்கள் என்கிறீர்களா? 2018 அக்டோபர் 26-ம் தேதி இரவு, அதிபர் சிறிசேனா தன் பிரதமர் ரணிலை நீக்கிவிட்டு, அந்த இடத்தில் மகிந்த ராஜபக்சேவை உட்காரவைத்தார்! நாடாளுமன்றத்தில் பெரும்பான்மையைக் காட்ட முடியவில்லை, நீதிமன்றமும் விடவில்லை. 50 நாள்களில் மகிந்த ராஜினாமா செய்தார். அவருக்கு எதிராக நாடாளுமன்றத்தில் திரண்ட 122 பேரில், தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு எம்.பி-க்களும் இருந்தார்கள்.