ஐந்தாம் இலக்கம்

என் தமையனார் காலமாகி மூன்று மாதம் கழிந்த பின்னர், அவருடைய காரில் இருந்த வானொலிப் பெட்டி எங்களிடம் ஒரு கேள்வி கேட்டது. ஐந்து இலக்கங்களைச் சொல்லுங்கள் என்பதே அக்கேள்வி. விடை அறிந்தவர் ஒருவர் இருந்தார். அவரைத்தான் நாங்கள் மயானத்தில் விட்டுத் திரும்பியிருந்தோம்.

மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்குப் போகும் பெருந்தெருவில், செட்டிபாளையத்துக்கும் களுதாவளைக்கும் இடையே தேற்றாத்தீவு இருக்கிறது. கிழக்கே கடல், மேற்கே வாவி, வாவிக்கு அப்பால் படுவான்கரை. எங்கள் பகுதி வழக்கப்படி மணம் முடித்த ஆண்மகன் மனைவியின் வீட்டில் குடியிருப்பான். அண்ணனும் அவ்வாறே களுதாவளைக்குப் போனவர். எனினும் மாலைதோறும் தம் சிறிய காரில் அம்மாவைப் பார்க்க வந்துவிடுவார். யப்பானில் சில வருடம் ஓடிப் பின் இங்கே இறக்குமதியான கார் அது. அவர் மறைந்த பிறகு மச்சாள் காரின் திறப்பை என் கையில் தந்தார். “தம்பி, இது நிண்டா பழுதாப் போயிரும். நீங்க கொண்டு போங்க.” அவர் காரின் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மூன்று மாதம் ஓடாமல் நின்றதால் பற்றறி முற்றாக இறங்கிக் கிடந்தது. பழையதைக் கழற்றிப் புதியதைப் பூட்டினோம். கார் உடனே உறுமிற்று. வானொலி மட்டும் மௌனமாயிருந்தது. அதன் சிறு திரையில் ‘கோட்’ என்ற ஒரு சொல் மினுங்கியது. எந்தப் பொத்தானை அழுத்தினாலும் அதே சொல்தான்.

வானொலி பேசாவிட்டால் என்ன, கையிலே தொலைபேசி இருக்கிறதே என்று வாசகர் எண்ணலாம். நானும் அப்படித்தான் முதலில் எண்ணினேன். அன்று மாலை அம்மாதான் நினைவூட்டினார்.

“அப்பாட குரல் அதுக்குள்ளதானே மனே கிடக்கு?”

எங்கள் தகப்பனார் வடமோடிக் கூத்து அண்ணாவியார். 1980களின் தொடக்கத்தில், முதற் சம்பளத்தில் வாங்கிய ஒலிப்பதிவுக் கருவியை முற்றத்தில் வைத்து, அப்பா பாடிய ‘பதின்மூன்றாம் போர்’ கூத்தை அண்ணன் ஒலிநாடாவிற் பதிந்தார். வாவிக்காற்றின் ஈரத்தில் நாடா பூஞ்சணம் பிடித்துப் போயிற்று. அதற்கு முன்பே, நல்ல காலமாக, அதை ஓர் இறுவட்டுக்கு மாற்றி வைத்திருந்தார். அந்த ஒற்றை இறுவட்டு எந்நாளும் கார் வானொலிக்குள்ளேயே கிடந்தது. எங்கள் ஊர்த் தெருக்களில் அண்ணனின் கார் வருகிறது என்பதை மத்தளச் சத்தத்தாலேயே அறிந்துகொள்வோம். இப்போது பெட்டி பூட்டிக்கொண்டுவிட்டது. இறுவட்டைப் பாடவும் மாட்டாது, வெளியே தள்ளவும் மாட்டாது. சக்கர வியூகத்துள் நுழைந்த அபிமன்னன் வெளியேறும் வழி அறியாது நின்ற கதையைத்தான் அந்தக் கூத்தே சொல்கிறது!

கூத்துப் பிரதிகள் பல அச்சேறியிருக்கின்றன. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு மட்டக்களப்புக் கூத்துகளை நகர மேடைக்குக் கொண்டு சென்றார். பண்டிதர் வி. சீ. கந்தையாவின் ‘மட்டக்களப்புத் தமிழகம்’ 1964இல் வெளிவந்தது. அப்பாவின் கூத்துக் கொப்பியும் எங்கள் வீட்டில் இருக்கிறது. ஆனால் ஒரு தருவின் எந்த அடியில் அவர் குரலை இழுத்தார், எங்கே மத்தளத்துக்கு வழிவிட்டு நிறுத்தினார் என்பதைக் கொப்பி சொல்லாது.

பெட்டி ஏன் இவ்வாறு செய்கிறது என்று விசாரித்தேன். கார் வானொலிக்கு மின்சாரம் இரு கம்பிகளால் வருகிறது. ஒன்று திறப்பைத் திருகும்போது மட்டும் உயிர்பெறுவது. மற்றது எப்பொழுதும் பற்றறியோடு தொடர்புடையது. மணிக்கூடும், குறித்துவைத்த நிலையங்களும் இரண்டாவது கம்பியின் தயவில்தான் நினைவில் நிற்கின்றன. அது அறுந்தால் நினைவு போய்விடும். போகாதது ஒன்றுண்டு: மின்சாரம் இன்றியும் எழுத்தைக் காத்துவைக்கும் சிறு சில்லு. அதில்தான் இரகசிய இலக்கம் இருக்கிறது. மின்சாரம் அறுந்து மீண்டும் வந்தால், யாரோ தன்னை ஒரு காரிலிருந்து பிடுங்கி இன்னொரு காரிற் பூட்டியதாகப் பெட்டி முடிவு செய்கிறது. களவெடுக்கப்பட்டதும் பற்றறி மாற்றப்பட்டதும் அதற்கு ஒன்றே. பற்றறி மாற்றுகையில் வேறொரு பற்றறியைத் துணையாகத் தொடுத்து மின்சாரம் அறாமற் பார்த்துக்கொள்ளும் கைவினைஞர் உண்டு. எங்களுக்கு அந்த யோசனை பின்னரே கிடைத்தது.

இந்தச் சந்தேகத்துக்கு ஒரு சரித்திரம் உண்டு. 1930இல் அமெரிக்காவில் போல் கால்வின் என்பவர் தம் காரில் வானொலி பூட்டி அத்லாந்திக் நகரில் நடந்த வானொலி உற்பத்தியாளர் மாநாட்டுக்கு ஓட்டிச் சென்று, வெளியே நிறுத்திப் பாட விட்டார். ‘மோட்டறோலா’ என்ற பெயர் அப்படிப் பிறந்தது. அரை நூற்றாண்டுக்குள் அந்த இன்பம் கள்வருக்கும் இன்பமாயிற்று. 1980களில் நியூயோர்க் நகரத்துக் கார்க் கண்ணாடிகளில் ‘வானொலி இல்லை’ என்று அட்டை எழுதித் தொங்கவிட்டார்களாம், இரங்கத்தக்க விளம்பரம்! பெட்டியையே உருவியெடுத்துக் கையிற் கொண்டுபோனார்கள் சிலர். முகத்தட்டைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்தார்கள் சிலர். இரகசிய இலக்கமும் அக்காலத்து உபாயம். களவெடுத்தவனுக்குப் பெட்டி பயன்படாது, ஆகவே களவெடுக்கமாட்டான் என்பது நியாயம். நியாயம் சரியே. இன்று பழைய கார் வானொலியை எவன் களவெடுப்பான்? கள்வன் வேறு தொழிலுக்குப் போய்விட்டான்; காவலாளி மட்டும் இன்னும் வாசலில் நின்று வீட்டுக்காரரை மறிக்கிறான்.

அண்ணனின் மகன், என் பெறாமகன், பதினேழு வயதுப் பையன், பொறுமை குறைவு. நான் விசாரித்து முடிப்பதற்குள் அவன் ஏழு முறை ஊகித்துவிட்டான். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து என்றும், எல்லாம் ஒன்று என்றும், இன்னும் எப்படியெல்லாமோ.

“எத்தனை தரம் அடிக்கலாம் சித்தப்பா?”

“பத்து. அதுக்கு மேல ஒரு மணித்தியாலம் காத்திருக்க வேணும்.”

“அப்ப எல்லாத்தையும் அடிச்சுப் பார்ப்பமே!”

நான் கணித ஆசிரியன். அவனைத் தாளும் பேனையும் எடுக்கச் சொன்னேன். எங்கள் பெட்டியில் இலக்கம் அடிப்பதற்குள்ள பொத்தான்கள் ஆறு. ஆகவே ஒவ்வோர் இடத்திலும் ஒன்று முதல் ஆறு வரை ஏதேனும் ஒன்றுதான் வரும். ஐந்து இடங்கள், ஆறை ஐந்து முறை பெருக்கினால் 7776. மணிக்குப் பத்து வீதம், உறங்காமல் அடித்தாலும் 778 மணித்தியாலம். முப்பத்திரண்டு நாளுக்கு மேல். அவன் தாளை மடித்து வைத்துவிட்டான்.

கல்முனையில் இத்தகைய வேலை செய்யும் இளைஞர் ஒருவரிடம் போனேன். பெட்டியைக் கழற்றிச் சில்லை வாசித்து இலக்கத்தை எடுக்கலாம் என்றார். இறுவட்டுக்கு ஏதும் நேர்ந்தால் தாம் பொறுப்பல்ல என்றும் சொன்னார். பிறகு சுவரில் மாட்டியிருந்த பெரிய திரைப் பெட்டிகளைக் காட்டினார். “இந்தப் பழசுக்கு ஏன் சேர் மினக்கெடுறீங்க? புதுசு ஒண்டு போடுவம்.” அவர் மேல் எனக்குக் கோபமில்லை. எனக்கு வேண்டியது பெட்டியன்று என்பதை அவர் எவ்வாறு அறிவார்?

முறையான வழி வேறு. பெட்டிக்கென்று ஒரு தொடர் இலக்கம் உண்டு. அது பெட்டியின் இரும்புடலில் ஒட்டியிருக்கும். எங்கள் வகையிற் கழற்றவும் தேவையில்லை: பெட்டியை அணைத்து, முதலாம் ஆறாம் பொத்தான்களை ஒருசேர அழுத்திப் பிடித்தபடி மீண்டும் போட்டால், திரையிலேயே அவ்விலக்கம் இரு பகுதியாகத் தோன்றும். அதையும் காரின் அடிச்சட்ட இலக்கத்தையும் முகவரிடம் கொடுத்தால், அவர்கள் ஏட்டைப் பார்த்துச் சொல்வார்கள். கொழும்புக்குத் தொலைபேசியிற் பேசினேன். மறுமுனையில் ஒரு பெண்குரல் மரியாதையாகக் கேட்டது: பதிவுச் சான்றிதழ் யார் பெயரில் இருக்கிறது? உரிமையாளர் பேசலாமா?

உரிமையாளர் பேச இயலாது என்றேன். அப்படியானால் பதிவுச் சான்றிதழின் பிரதியும், மரண அத்தாட்சிப் பத்திரத்தின் பிரதியும், மனைவியின் கடிதமும் வேண்டும் என்றது குரல். கேட்டது நியாயமே. ஆனால் அந்தப் பத்திரங்கள் இருந்த அலுமாரியை அந்தியேட்டிக்குப் பிறகு மச்சாள் திறக்கவேயில்லை. அண்ணனின் சேட்டுகள் அதனுள்ளேதான் மடித்தபடி இருந்தன. அதைத் திறக்கும்படி கேட்க எனக்கு இரண்டு வாரம் துணிவு வரவில்லை. கேட்டவர் அம்மாதான். எண்பது வயதைக் கடந்தவர், ஆட்டோவில் களுதாவளைக்குப் போய் மருமகளின் அருகில் இருந்தார். என்ன பேசினார்கள் என்று தெரியாது. நான் போய்ச் சேர்ந்தபோது அலுமாரி திறந்திருந்தது. மச்சாளின் மடியில் ஒரு பொலித்தீன் உறை.

பதிவுச் சான்றிதழ் அதில் இருந்தது. அதன் முதுகில், விரல் அகலத்தில் ஒரு வெள்ளை ஒட்டுச்சீட்டு. டாஷ்போட் பெட்டிக்குள் ஒட்டியிருந்ததை உரித்தெடுத்து, தொலையாதிருக்க அண்ணன் இங்கே ஒட்டியிருக்கிறார். மேலே தொடர் இலக்கம். கீழே ஐந்து இலக்கங்கள். முற்றத்துக்கு ஓடி இரு பொத்தான்களையும் அழுத்தினேன். திரையிற் தோன்றியதும் சீட்டில் இருந்ததும் ஒன்றே.

ஐந்து என்றேன், படிக்கக்கூடியவை நான்கு. கடைசி இலக்கம் உறையில் உரசித் தேய்ந்திருந்தது. தலைப்பக்கம் வளைவாக ஒரு கறுப்புக் கோடு மட்டும் எஞ்சியிருந்தது. இரண்டாகலாம், மூன்றாகலாம், ஆறுமாகலாம். பத்தில் ஏழு முறை ஏற்கெனவே போய்விட்டது. மூன்று முறை இருந்தது. கணக்கு அழகாகப் பொருந்துகிறதே என்று மகிழ்ந்தேன்.

இரண்டு என்று அடித்தேன், பிழை. மூன்று, பிழை. இனி ஆறுதான். அந்த நேரம் பார்த்து, எண்களைக் கரும்பலகையில் எழுதியே தலை நரைத்த என் விரல், முதலாவது இலக்கத்திலேயே அயற் பொத்தானில் வழுக்கிற்று. இந்தப் பெட்டியில் பின்வாங்க வழியில்லை. தவறென்று தெரிந்துகொண்டே ஐந்தையும் அடித்து முடிக்கவேண்டும். அடித்து முடித்தேன். திரையில் பிழை என்ற குறி நிலைத்து நின்றது.

பெறாமகன் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு எனக்குத் தெரியும்.

ஒரு மணித்தியாலம். திறப்பைத் திருகியபடி, பெட்டியைப் போட்டபடியே விட்டுவிட வேண்டும். அணைத்தால் நேரம் கணக்கில் வராது. அம்மாவுக்கு முற்றத்தில் கதிரை போட்டோம். மச்சாள் தேநீர் கொண்டுவந்தார். அயலவர் இருவர், கார் பழுதோ என்று கேட்டு வந்தவர்கள், காரணம் தெரிந்ததும் போகவில்லை. அவர்களில் மூத்தவர் அப்பாவிடம் கூத்துப் பழகியவர். களரியில் அப்பாவின் பார்வைக்குப் பயந்து தாளம் தவறவிட்ட கதையைச் சொன்னார். மச்சாள் அன்றுதான் காரின் அருகில் வந்து, முன் இருக்கையில் இருந்த தூசியைச் சேலைத் தலைப்பால் தட்டினார். வாவிப்பக்கம் பொழுது இறங்கிற்று. ஒருவரும் மணிக்கூட்டைப் பார்க்காததுபோலப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

நேரம் ஆனதும் நான் கையைக் கட்டிக்கொண்டேன். “நீ அடி” என்று பையனிடம் சொன்னேன். அவன் ஒவ்வொன்றாக, வாய்விட்டுச் சொல்லிச் சொல்லி அடித்தான். (அவ்விலக்கங்களை இங்கே எழுதப்போவதில்லை, காவலாளியைக் கேலி செய்தாலும் அவனைக் காட்டிக்கொடுக்க மனமில்லை.) கடைசியாக ஆறு.

‘கோட்’ மறைந்தது. மணிக்கூடு பூச்சியம் காட்டியது. அண்ணன் குறித்துவைத்த நிலையங்கள் ஒன்றுமில்லை, வெறும் இரைச்சல். பையன் இறுவட்டுப் பொத்தானை அழுத்தினான். உள்ளே ஏதோ சுழலும் ஓசை.

நாங்கள் எதிர்பார்த்தது மத்தளம். இத்தனை வருடமும் பெட்டி எங்கே நிறுத்தினோமோ அங்கிருந்தே தொடங்கிப் பாடும் வழக்கமாதலால், நடுக்கூத்தின் அடிகளே எங்கள் காதிற் பதிந்திருந்தன. நினைவு அழிந்த பெட்டிக்கு நடுவும் தெரியாது, முடிவும் தெரியாது. ஆகவே தொடக்கத்திலிருந்து தொடங்கிற்று. முதலில் நாடாவின் சீறல். எங்கோ ஒரு கோழி. பிறகு, மத்தளத்துக்கு முன்னால், இருபது வயது இளைஞன் ஒருவனின் குரல் மிக அருகில் கேட்டது:

“அப்பா, இப்ப பாடுங்க. ஓடுது.”

பையன் என்னைத் திரும்பிப் பார்த்தான். அவன் குரலாகவே இருந்தது அது.

அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினார். முதல் விருத்தம் முடிந்தபோது, பற்றறி மறுபடி இறங்கிவிடுமே என்ற பயத்தில் நான் திறப்பின்மேல் கைவைத்தேன்.

“நிக்கட்டும் தம்பி” என்றார் மச்சாள். “மறுகா ஒருக்கா முதல்ல இருந்து போடுங்க.”