விளையாட்டு ஒளிப்படவியலில் எண்ணிமக் கேமராக்கள்

விளையாட்டுப் படமெடுப்புக்கான தொழில்முறை எண்ணிமக் கேமராக்கள் பெரும்பாலும் நொடிக்கு எத்தனை படம் எடுக்கும் என்பதைக் கொண்டே ஒப்பிடப்படுகின்றன. 2020இல் வந்த நிக்கான் டி6 நொடிக்கு 14 படங்களும், 2024இல் வந்த கேனான் ஆர்1 40 படங்களும், 2023இல் அறிவிக்கப்பட்ட சோனி ஏ9 மூன்றாம் பதிப்பு 120 படங்களும் எடுக்கும். தென்காசி மாவட்டம் சங்கரன்கோவில் வட்டார ஊர்களில் நடக்கும் மின்னொளி கபடிப் போட்டிக்கு இந்த எண்கள் அதிகம் உதவா. அங்கே கேமராவைச் சோதிப்பது விளக்குதான்.

இந்தியாவில் மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி கொண்டது. அதனால் மலிவான எல்இடி விளக்குகளும் மெட்டல் ஹாலைடு விளக்குகளும் நொடிக்கு 100 முறை மங்கி ஒளிர்கின்றன. கண்ணுக்கு இது தெரியாது. ஆனால் பாடிச் செல்பவர் நடுக்கோட்டை நோக்கி நீட்டும் கை கலங்காமல் பதிய 1/1000 நொடி ஷட்டர் வேகம் தேவை. அது விளக்கின் ஒரு துடிப்பில் பத்தில் ஒரு பங்குதான். ஆகவே ஒரு படம் வெளிச்சமாகவும் அடுத்தது இருண்டும் அமையும், நிறமும் மாறும். உணரியை வரிவரியாகப் படிக்கும் மின்னணு ஷட்டரில் படத்தின் குறுக்கே பட்டைகள் விழும்.

2014இல் வெளியான கேனான் 7டி மார்க் 2, இந்தத் துடிப்பை உணர்ந்து வெளிச்சம் உச்சத்தில் இருக்கும்போது படமெடுக்கும் வசதியுடன் வந்தது. நொடிக்கு 10 படங்களே எடுக்கும் இப்பழைய கேமரா, ஊர்த் திடலில் இன்றும் பயன்படும். 2021இன் நிக்கான் இசட்9இல் எந்திர ஷட்டரே கிடையாது. உணரியை மிக விரைவாகப் படித்து அக்குறையை ஈடுகட்டுகிறது. சோனி ஏ9 மூன்றாம் பதிப்பு எல்லாப் புள்ளிகளையும் ஒரே கணத்தில் பதிவதால் பட்டைகள் மறைகின்றன. படத்துக்குப் படம் வெளிச்சம் மாறுவது மட்டும் தானாக மறையாது. நொடிக்கு 100 உச்சங்களே உள்ள விளக்கின்கீழ் 120 படங்களும் உச்சத்தில் அமைய வழியில்லை அல்லவா! அதன் அடிப்படை ஐஎஸ்ஓவும் 250இல்தான் தொடங்குகிறது.

குறைந்த பணம் உள்ளவர் கேமராவைவிட லென்ஸுக்குச் செலவிடுவது நல்லது. எஃப் 2.8 லென்ஸ், எஃப் 5.6 லென்ஸைப் போல நான்கு மடங்கு ஒளியை உள்ளே விடும். ஐஎஸ்ஓ 12800 தேவைப்படும் இடத்தில் 3200 போதும். ஆடவர் கபடிக் களம் 13 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமுமே உடையது என்பதால் 70–200 மி.மீ. லென்ஸ் தாராளம். சென்னை மேயர் இராதாகிருஷ்ணன் அரங்கின் 91.4 மீட்டர் ஹாக்கித் திடலுக்கு 400 மி.மீ. வேண்டியிருக்கும்.

போட்டிக்கு முன் வெற்றுக் களத்தை 1/1000 நொடியில் தொடர்ச்சியாகப் பத்துப் படம் எடுத்துப் பார்த்தால் விளக்கின் தன்மை தெரிந்துவிடும்.