இருமலுக்குத் தைலம்: சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் உள்ள பிள்ளைக்கு எது ஆகும், எது ஆகாது?

கேமரன் மலையில் பொழுது சாய்ந்தால் குளிர் இறங்கிவிடும். தேயிலைத் தோட்டத்து லயங்களில் பிள்ளை இருமத் தொடங்கினால் முதலில் கைக்கு வருவது தைலப் புட்டிதான். கோடாலித் தைலம், யூகலிப்டஸ் தைலம், காயு பூத்தே எண்ணெய் என்று வீட்டுக்கு வீடு பெயர் மாறும். நெஞ்சில் தேய்த்து, முதுகில் தேய்த்து, மூக்கடியிலும் கொஞ்சம் தடவி, போர்வையைப் போர்த்திப் படுக்க வைப்பது பாட்டிமார் காலத்துப் பழக்கம். இப்போது தானா ராத்தா, பிரிஞ்சாங் பட்டண வீடுகளில் 'எசென்ஷியல் ஆயில்' என்ற பெயரில் சிறு புட்டிகளும், அவற்றை ஆவியாக்கும் டிஃபியூசர் கருவியும் சேர்ந்துவிட்டன. சாதாரணச் சளிக்கு இதை ஒரு ஆறுதலாகக் கொள்ளலாம். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் உள்ள பிள்ளையின் நுரையீரலுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் தொற்றுநோய் அல்ல, பிறவியிலேயே வருவது. உடலின் செல்களில் உப்பும் நீரும் போய்வரும் வழியைக் கவனிக்கும் மரபணு ஒன்று பழுதாகிவிடுகிறது. சி.எஃப்.டி.ஆர். எனப்படும் அந்த மரபணு 1989-இல் கண்டறியப்பட்டது. பழுது இருந்தால் நுரையீரலின் சளி நீர்த்தன்மை இழந்து பசைபோல் கெட்டியாகிறது. அதில் கிருமிகள் குடியேறுகின்றன. கணையத்தின் குழாய்களும் அடைபடுவதால் சாப்பாட்டிலுள்ள கொழுப்பு சரியாகச் செரிப்பதில்லை.

தாய், தகப்பன் இருவரும் இந்த மரபணுவைச் சுமந்திருந்தால்தான் நோய் வரும். அப்போது ஒவ்வொரு கர்ப்பத்திலும் 25 விழுக்காடு வாய்ப்பு உண்டு. சுமப்பவர்களுக்கு எந்த அறிகுறியும் இருக்காது. அத்தை மகள், மாமன் மகன் என்று சொந்தத்தில் திருமணம் செய்யும் குடும்பங்களில் இதுபோன்ற நோய்கள் வரும் வாய்ப்பு சற்றே கூடுகிறது. இதில் யாரையும் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மருத்துவர் கேட்கும்போது மறைக்காமல் சொல்ல வேண்டும்.

ஐரோப்பியர்களிடம் அதிகம் காணப்படும் இந்நோய் நம்மவர்களிடம் அரிது. அரிது என்பதாலேயே ஆஸ்துமா என்றோ காசநோய் என்றோ பெயர் சூட்டப்பட்டு ஆண்டுகள் ஓடிவிடும் ஆபத்தும் இருக்கிறது. அடங்காத இருமல், திரும்பத் திரும்ப வரும் நிமோனியா, நன்றாகச் சாப்பிட்டும் ஏறாத எடை, எண்ணெய்ப் பிசுக்கோடு நாற்றமடிக்கும் மலம், முத்தமிட்டால் உப்புக் கரிக்கும் தோல் ஆகியவை சேர்ந்து வந்தால், தைலத்தை வைத்துவிட்டுக் குழந்தை மருத்துவரைப் பார்ப்பதே முறை. வியர்வையில் உள்ள குளோரைடை அளக்கும் சோதனை ஒன்று இருக்கிறது. லிட்டருக்கு 60 மில்லிமோல் அல்லது அதற்கு மேல் இருந்தால் நோய் இருப்பதற்கான வலுவான அடையாளம். ஊசி குத்தாத சோதனை அது.

இனி தைலத்துக்கு வருவோம். தடவியவுடன் 'மூக்கு திறந்துவிட்டது' என்று தோன்றும். மெந்தால் என்ற பொருள் குளிர்ச்சியை உணரும் நரம்புகளைத் தூண்டுவதால் வரும் உணர்வு அது. காற்று போகும் பாதை உண்மையில் அகலமாவதில்லை. அடைப்பு அப்படியே இருக்க, பிள்ளை தேறிவிட்டது என்று நாம் நம்பிவிடுவதுதான் ஆபத்து.

அமெரிக்காவில் 18 மாதப் பெண் குழந்தை ஒன்றுக்கு மூக்கின் அடியில் விக்ஸ் தடவியபின் கடும் மூச்சுத் திணறல் வந்தது. அதையொட்டி ஃபெரெட் என்ற சிறு விலங்குகளிடம் நடந்த ஆய்வு 2009-இல் 'செஸ்ட்' மருத்துவ இதழில் வெளிவந்தது. அந்தப் பொருள் பட்டதும் சுவாசக் குழாயில் சளி சுரப்பது கூடியது, சளியை மேலே தள்ளும் நுண்முடிகளின் வேகம் குறைந்தது. விலங்கு ஆய்வை அப்படியே மனிதருக்குப் பொருத்த முடியாதுதான். ஆனாலும் சளியை வெளியேற்றவே நாள்தோறும் போராடும் பிள்ளைக்கு இதை எதற்குச் சோதித்துப் பார்க்க வேண்டும்?

நம் வீடுகளில் இன்னொரு பழக்கம் உண்டு. எண்ணெய்க் குளியலன்று கைக்குழந்தையின் மூக்கில் இரண்டு சொட்டு எண்ணெய் விடுவது. மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் அது கரைவதும் இல்லை, இருமலில் எளிதாக வெளிவருவதும் இல்லை. அங்கேயே தங்கி லிப்பாய்டு நிமோனியா என்ற அழற்சியை உண்டாக்கும். தென்னிந்தியக் குழந்தைகளிடம் காணப்பட்ட இந்த நிமோனியா பற்றி 1973-இலேயே பிரிட்டிஷ் மருத்துவ இதழில் கட்டுரை வந்திருக்கிறது. நல்லெண்ணெயோ விளக்கெண்ணெயோ தைலமோ, எதுவானாலும் மூக்குக்குள் போகக் கூடாது. நெபுலைசரில் தைலச் சொட்டு கலப்பதும் இதே தவறுதான்.

நெபுலைசரில் இந்நோயாளிகள் பயன்படுத்துவது பெரும்பாலும் உப்புநீர். 7 விழுக்காடு உப்புநீரை ஆவியாக உள்ளிழுப்பது நுரையீரலுக்கு நன்மை தருகிறது என்று ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று 2006-இல் காட்டியது. கடலில் அலைச்சறுக்கு விளையாடிய நோயாளிகள் சற்று நலமாக இருந்ததைக் கவனித்ததும் அந்த ஆராய்ச்சிக்கு ஒரு தூண்டுதல். அதற்காக வீட்டுச் சமையல் உப்பைக் கரைத்து ஊற்றிவிடக் கூடாது. கிருமி நீக்கிய மருந்து உப்புநீர் மட்டுமே, அதுவும் மருத்துவர் சொன்ன அளவில். இதனுடன் நெஞ்சைத் தட்டிச் சளியை இறக்கும் பயிற்சி, ஆன்டிபயோட்டிக், சாப்பாட்டோடு எடுக்கும் கணைய என்சைம் மாத்திரை ஆகியவையே சிகிச்சை. எந்த வாசனை எண்ணெயும் இவற்றுக்கு மாற்று ஆகாது.

தேயிலை மலைக்காரர்கள் அறிய வேண்டிய ஒன்று: 'டீ ட்ரீ ஆயில்' நம் தேயிலைச் செடியிலிருந்து வருவதல்ல. ஆஸ்திரேலிய மரமொன்றின் இலையில் எடுப்பது. சோதனைக்கூடத் தட்டில் அது கிருமிகளைக் கொல்வது உண்மை. அதற்காக நுரையீரலுக்குள்ளும் கொல்லும் என்று சொல்லிவிட முடியாது. விழுங்கினால் அது நஞ்சு. புட்டியில் எம்.ஏ.எல். பதிவு எண்ணும் கடைசியில் 'டி' எழுத்தும் இருந்தால், அது பாரம்பரிய மருந்தாகப் பதிவு பெற்றது என்று பொருள். நுரையீரல் நோயைக் குணப்படுத்தும் என்ற சான்றிதழ் அல்ல அது.

அப்படியானால் வீட்டில் வாசனையே கூடாதா? மருத்துவரிடம் கேட்டு அவர் சம்மதித்தால், வளர்ந்த பிள்ளைக்குக் கை கால் பிடித்துவிடும்போது மிக நீர்த்த எண்ணெயைப் பயன்படுத்தலாம். ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லி தேங்காய் எண்ணெயில் ஒரே ஒரு சொட்டு கலந்தால் ஏறத்தாழ 1 விழுக்காடு. முகம், மூக்கு, நெஞ்சுப் பக்கம் போகவே கூடாது. இருமலோ இழுப்போ வந்தால் உடனே கழுவிவிட்டு நிறுத்த வேண்டும். குளிருக்காகச் சன்னலை அடைத்த அறையில் டிஃபியூசர் வேண்டாம். குளித்த பிள்ளைக்குப் போடும் சாம்பிராணிப் புகையும், சாமி அறை ஊதுபத்தியும் அதே கணக்கில் சேரும். ஆவி பிடிக்கச் சுடுநீர்ச் சட்டி வைப்பதில் தீக்காய ஆபத்தும் இருக்கிறது.

பூசுவதைவிடக் கொடியது விழுங்குவது. 1 கிராம் கற்பூரம் சிறு குழந்தையின் உயிரைப் பறிக்கக்கூடும். யூகலிப்டஸ் தைலம் சில மில்லி உள்ளே போனாலே வலிப்பு வரலாம். தசைவலித் தைலங்களில் சேரும் விண்டர்கிரீன் எண்ணெய் கலப்பில்லாமல் ஒரு தேக்கரண்டி இருந்தால், அது 20-க்கும் மேற்பட்ட ஆஸ்பிரின் மாத்திரைக்குச் சமம். பிள்ளை குடித்துவிட்டதாகச் சந்தேகம் வந்தால் விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்கக் கூடாது, எண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடும். 999-ஐ அழைத்தோ, கிடைக்கும் வண்டியிலோ தானா ராத்தா மருத்துவமனைக்கு விரைய வேண்டும். புட்டியையும் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும். அதன் லேபிளைப் பார்த்துத்தான் மருத்துவர் அடுத்ததை முடிவு செய்வார்.