ஈசிஆர் வீக்எண்ட் வீட்டில் ஃபயர்ப்ளேஸ்... கட்டலாமா? எங்கே, எப்படி?

மர கேபின், பெரிய கண்ணாடி ஜன்னல், மூலையில் எரியும் ஃபயர்ப்ளேஸ். ரீல்ஸில் இதைப் பார்த்துவிட்டு, 'நம்ம ஈசிஆர் இடத்துலயும் ஒண்ணு கட்டினா என்ன?' என்று யோசிக்கிறீர்களா? கோவளம் தொடங்கி மாமல்லபுரம், கல்பாக்கம் வரை வீக்எண்ட் வீடு கட்டுபவர்கள் கொத்தனாரைக் கூப்பிடும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை இங்கே.

கடற்கரையில் தேவையா?

சூட்டுக்காக என்றால் தேவையே இல்லை. சென்னையில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 13.9 டிகிரி செல்சியஸ்தான். செங்கல்பட்டு, மாமல்லபுரம் பக்கம் மார்கழி இரவில்கூட ஒரு போர்வை போதும்.

பிரச்னை அதோடு முடியவில்லை. ஏசிக்காக இறுக்கமாக மூடப்பட்ட அறையில் தீ எரியத் தேவையான காற்று உள்ளே வராது. கிச்சனில் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடினால், புகைபோக்கி வழியாக மேலே போக வேண்டிய புகையை அது வீட்டுக்குள்ளேயே திருப்பி இழுக்கும். உப்புக் காற்றில் சாதாரண இரும்புப் புகைபோக்கி சீக்கிரம் துருப்பிடிக்கும் என்பது தனிக்கதை.

சரி, ஆசையை விட முடியலையே?

இரண்டு வழி இருக்கு. உள்ளே வேண்டும் என்றால் எலக்ட்ரிக் ஃபயர்ப்ளேஸ். ஹீட்டரை அணைத்துவிட்டு, தீ எரிவது போன்ற வெளிச்சத்தை மட்டும் ஓடவிடும் மாடல்கள் கிடைக்கின்றன. 'புகைபோக்கியே வேண்டாம்' என்று விற்கப்படும் பயோ எத்தனால் பர்னர்களும் அறையின் ஆக்சிஜனைத்தான் எரிக்கின்றன. சூடாக இருக்கும்போது எரிபொருள் ஊற்றினால் தீ குப்பென்று பிடித்துக் காயப்படுத்தும்.

நிஜத் தீதான் வேண்டும் என்றால் அதை வெளியே வையுங்கள். மாலையில் கடற்காற்று பெரும்பாலும் கிழக்கிலிருந்து வீசும். எல்லோரும் ஆசைப்படுவது போல வீட்டுக்கும் கடலுக்கும் நடுவில் ஃபயர் பிட் வைத்தால், பொறி நேராக வீட்டுக்குத்தான் வரும். வீட்டுக்கு மேற்கே, சுவரிலிருந்து குறைந்தது 10 அடி தள்ளி வைப்பது நல்லது. கீற்றுக் கூரை என்றால் இன்னும் தள்ளி.

மணலில் மட்டும் வேண்டாம். ஜனவரி முதல் இந்தக் கடற்கரையில் ஆலிவ் ரிட்லி ஆமைகள் முட்டையிட வருகின்றன. குஞ்சுகள் வெளிச்சத்தை நோக்கி நகர்பவை. தீ வெளிச்சம் அவற்றைக் கடலுக்குப் பதில் கரைப்பக்கம் இழுத்துவிடும். கடலோரத்தில் நிரந்தரமாக எதைக் கட்டுவதாக இருந்தாலும் சிஆர்இசட் விதிகளையும் முதலில் பார்த்துவிடுங்கள்.

மலையில் கட்டினால்?

அதே கேபினை ஏற்காட்டிலோ கொடைக்கானலிலோ கட்டுகிறீர்கள் என்றால் கதை வேறு. அங்கே குளிர் நிஜம். பழைய பங்களாக்களில் ஃபயர்ப்ளேஸ் இருப்பதற்குக் காரணமும் அதுதான். ஆனால் டிசைனில் ஆரம்பிக்காதீர்கள், புகைபோக்கியில் ஆரம்பியுங்கள்.

அமெரிக்காவில் பின்பற்றப்படும் சில கட்டட அளவுகள் இங்கேயும் உதவும்:

● புகைபோக்கி, கூரையைத் துளைத்து வெளியே வரும் இடத்திலிருந்து குறைந்தது 3 அடி உயரம். சுற்றி 10 அடிக்குள் இருக்கும் எதைவிடவும் 2 அடி கூடுதல் உயரம்.

● புகைக்குழாயின் உள்பரப்பு, அடுப்பு வாயின் பரப்பில் சுமார் பத்தில் ஒரு பங்கு. வாய் 3 அடி அகலம், இரண்டரை அடி உயரம் என்றால் குழாய்க்கு சுமார் 108 சதுர அங்குலம்.

● இந்த அளவு வாய்க்கு முன்னால் 20 அங்குலம், பக்கங்களில் 12 அங்குலம் வரை தரை எரியாத பொருளாக இருக்க வேண்டும்.

● மரச்சட்டம் எதுவும் புகைபோக்கியைத் தொடக்கூடாது. குறைந்தது 2 அங்குல இடைவெளி வேண்டும்.

திறந்த ஃபயர்ப்ளேஸில் சூட்டின் பெரும்பகுதி புகையோடு மேலே போய்விடும். 1790களில் கவுன்ட் ரம்ஃபோர்ட் என்பவர் லண்டனில் இதற்கு ஒரு தீர்வு சொன்னார்: ஆழத்தைக் குறை, பக்கச் சுவர்களைச் சாய்வாக்கு, புகை நுழையும் கழுத்தைச் சுருக்கு. அந்த வடிவம் இன்றும் கட்டப்படுகிறது. சூடுதான் முக்கியம் என்றால், கதவு மூடிய இரும்பு அடுப்பு இதைவிடக் குறைந்த விறகில் அறையைச் சூடாக்கும்.

மாமல்லபுரம் கல் போடலாமா?

வெளிச்சட்டத்துக்குத் தாராளமாகப் போடலாம். 2017இல் புவிசார் குறியீடு பெற்ற மாமல்லபுரம் கற்சிற்பக் கலைஞர்களிடம் கருங்கல் முகப்பு செதுக்கி வாங்கினால் அழகாகவே இருக்கும். ஆனால் தீ நேரடியாகப் படும் உட்புறத்தில் கருங்கல் வேண்டாம். அதிலுள்ள கனிமங்கள் சூட்டில் வெவ்வேறு அளவில் விரிவதால் கல் வெடிப்பு விடும். அங்கே ஃபயர் பிரிக்ஸ், ஃபயர் கிளே கலவைதான் சரி. சாதாரண சிமென்ட் பூச்சு தாங்காது. ஃபயர் பிட் சுற்றி ஈரக் கல் அடுக்காதீர்கள். உள்ளே இருக்கும் நீர் ஆவியாகிக் கல் தெறிக்கலாம்.

என்ன எரிக்கலாம்?

செங்கல்பட்டு கடலோரத்தில் வளரும் சவுக்கு நல்ல விறகு. அடர்த்தியானது, நன்றாகச் சூடு தரும். ஆனால் வெட்டிய உடனே எரிக்கக்கூடாது. பல மாதம் காய வேண்டும். ஈர விறகின் புகை, தார் போல புகைபோக்கிக்குள் படிந்து ஒருநாள் அதுவே தீப்பிடிக்கும். அதனால் வருஷத்துக்கு ஒருமுறை புகைபோக்கியைச் சுத்தம் செய்ய வேண்டும். கடலில் மிதந்து வந்த கட்டை, பெயின்ட் அடித்த பலகை, பிளைவுட் எதுவும் வேண்டாம். அவற்றின் புகையில் நச்சு இருக்கும்.

புகையே வரலைன்னா ஆபத்து இல்லையா?

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். கரி கனன்று எரியும்போது புகை தெரியாது, ஆனால் கார்பன் மோனாக்சைடு வரும். நிறமில்லை, வாசனையில்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினுடன் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். தூங்குபவர் எழுந்திருக்கவே மாட்டார்.

2020 ஜனவரியில் நேபாளத்தின் தாமன் மலை விடுதியில், அறைக்குள் கேஸ் ஹீட்டர் போட்டுத் தூங்கிய கேரள சுற்றுலாப் பயணிகள் 8 பேர் இறந்தார்கள். அவர்களில் 4 பேர் குழந்தைகள். 2024 ஆகஸ்ட்டில் கொடைக்கானலில், பார்பிக்யூ அடுப்பை அறைக்குள் வைத்துத் தூங்கிய இளைஞர்கள் 2 பேர் உயிரிழந்தார்கள்.

எனவே குளிருக்காகக் கரி அடுப்பை ஒருபோதும் அறைக்குள் கொண்டுபோகாதீர்கள். ஃபயர்ப்ளேஸ் உள்ள அறையில் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றை மாட்டுங்கள், வெளிக்காற்று வர ஒரு வழி விடுங்கள். தணல் முழுசாக அணையும்வரை புகைபோக்கித் தடுப்பை மூடாதீர்கள். தலைவலி, குமட்டல், மயக்கம் வந்தால் யோசிக்காமல் எல்லோரும் உடனே வெளியே வந்துவிடுங்கள்.

பட்ஜெட் இடித்தால் முகப்புக் கல்லில் குறைத்துக்கொள்ளலாம். புகைபோக்கியிலும் அலாரத்திலும் கை வைக்காதீர்கள்.