இலிங்கம் தோய்ந்த நீரும் அங்கோர் நகரமும்

தெப்பத் திருநாளில் நீரின் பெருமையைப் பேசுதல் பொருத்தமே. நீரும் மலையும் சிவவழிபாடும் கூடி ஒரு பேரரசின் தலைநகரை உருவாக்கிய வரலாறு கடல் கடந்த கம்போடிய நாட்டில் உண்டு. அந்நகரம் அங்கோர். நகரம் என்னும் சொல்லே கெமெர் மக்கள் நாவில் அவ்வாறு திரிந்தது.

அதன் இருப்பிடத்தை முதற்கண் நோக்குவோம். வடக்கே குலேன் மலை. தெற்கே தோன்லே சாப் என்னும் பேரேரி. மாரிக்காலத்தில் மேகோங் பெருகுங்கால், ஏரியினின்று அதனிடம் வந்து சேரும் ஆறு எதிர்முகமாகத் திரும்பி ஏரிக்குள்ளேயே பாயும். அதனால் ஏரி ஐந்தாறு மடங்கு விரியும், மீன்வளம் பெருகும். அவ்வெள்ளம் எட்டாத மேட்டிலே, ஏரிக்கு அணித்தாக நகரம் எழுந்தது. கோயிலுக்கு வேண்டிய மணற்கல்லைக் குலேன் மலையடிவாரம் தந்தது. மழையோ ஏறத்தாழ ஆறு திங்களே. எஞ்சிய காலம் வறட்சி. ஆகவே நீரைத் தேக்காமல் அங்கே வாழ்வில்லை.

இந்நிலத்தின் மேல் முன்னோர் வழிவந்த சமயக் கொள்கை பதிந்தது. மலையைச் சிவனாகக் காண்பது அவர்தம் மரபு. இன்று லாவோசு நாட்டில் வாட் பூ கோயிலுக்கு மேலே உயர்ந்த மலையின் உச்சியில் இயல்பாக நிற்கும் பாறையைக் கண்டு, அம்மலையை இலிங்கபர்வதம் என்றே போற்றினர். அது அங்கோருக்கு முற்பட்ட செய்தி. 802ஆம் ஆண்டில் இரண்டாம் செயவர்மன் குலேன் மலைமேல் பேரரசனாக முடி சூடினான். சிவகைவல்யர் அவனுடைய குருவாக விளங்கினார். மகேந்திரபர்வதம் எனப்பட்ட அம்மலைநகரின் வீதியமைப்பு காட்டுக்குள் மறைந்து கிடந்தது; 2012இல் விமானத்திலிருந்து லேசர் ஒளி செலுத்தி அளந்தபோது தெளிவாயிற்று.

889இல் அரசேறிய யசோவர்மன் சமவெளிக்கு நடுவே பாக்கெங் என்னும் சிறு குன்றைத் தேர்ந்து, உச்சியில் சிவலிங்கம் எழுந்தருளுவித்து, அதனை நகரின் நடுவாக்கினான். சுற்றிலும் 108 சிறு கோயில்கள். கிழக்கே ஏறத்தாழ 7.5 கிலோமீட்டர் நீளமும் 1.8 கிலோமீட்டர் அகலமும் உடைய ஏரியை வெட்டுவித்தான். மன்னன் மாளிகையும் மரத்தாலேயே ஆனது. கல் இறைவனுக்கே உரியது. பின்னாளில் காம்போச வேந்தன் இராசேந்திர சோழனுக்குத் தேரொன்று அனுப்பி நட்பு நாடினான் எனக் கரந்தைச் செப்பேடு கூறும். அவ்வேந்தன் வீற்றிருந்ததும் இந்நகரமே.

குலேன் மலையாற்றின் படுகைப் பாறையில் வரிசை வரிசையாக இலிங்கங்கள் செதுக்கப்பட்டுள்ளன. அவற்றைத் தழுவி வரும் நீரே நகர்க்கும் வயலுக்கும் சென்றது. ஏரிகள் வேளாண்மைக்கோ, வழிபாட்டுக்கோ என அறிஞர் வழக்கிடுவர். கோமுகை வழியே வரும் அபிடேக நீரைத் தலையில் தெளித்துக்கொள்ளும் நமக்கு, இவ்விரண்டையும் பிரிக்கவேண்டிய தேவை விளங்கவில்லை.

12ஆம் நூற்றாண்டில் திருமாலுக்கு அங்கோர் வாட் எழுந்தது. அடுத்துப் பௌத்தனாகிய ஏழாம் செயவர்மன் வந்தான். எனினும் நடுவே மலைபோன்ற கோயில், சூழ அகழி, அருகே ஏரி என்னும் அமைப்பை எவரும் விட்டிலர்.

14, 15ஆம் நூற்றாண்டுகளில் நெடிய வறட்சிகளும் இடையிடையே கடும் பெருமழையும் மாறி மாறி வந்தன என்பதை மரவளையங்கள் காட்டுகின்றன. கால்வாய்கள் சில அரிக்கப்பட்டன. சில மணலால் தூர்ந்தன. அயோத்தியா நாட்டுப் படையும் 1431இல் நகரைக் கைக்கொண்டது. அரசு தெற்கே பெயர்ந்தது. யசோவர்மன் வெட்டிய ஏரி இன்று வறண்டு வயலாகக் கிடக்கிறது. 11ஆம் நூற்றாண்டில் வெட்டிய மேலை ஏரியில் இன்றும் நீர் நிற்கிறது.